பழைய இங்கிலீஷ் டபுள் பேரலா, புது இந்தியத் துப்பாக்கியா?

கேள்வி, 2025 அக்டோபர் 5

அண்ணா, 12 போர் (குழல் அளவு) துப்பாக்கிக்கு லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. கிளப்பில் பறக்கவிடும் களிமண் தட்டு சுடத்தான் ஆசை. எங்கள் பக்கத்து ஊரில் ஒருவர் பழைய இங்கிலீஷ் டபுள் பேரல் விற்கிறார். அவர் சொல்லும் விலைக்குப் புது இந்தியத் துப்பாக்கியே வாங்கிவிட்டு மிச்சமும் வைக்கலாம். "இங்கிலீஷ் துப்பாக்கி தலைமுறைக்கும் நிற்கும், கண்ணை மூடிக்கொண்டு வாங்கு" என்கிறார் மாமா. எது சரி?

2025 அக்டோபர் 5, இரவு

மாமா சொல்வதில் பாதி சரி தம்பி. நல்ல இங்கிலீஷ் துப்பாக்கி தலைமுறைக்கும் நிற்கும். ஆனால் உங்கள் கைக்கு வரும்போது அது எந்தத் தலைமுறையில் இருக்கிறது, நடுவில் யார் யார் கையில் என்ன பாடுபட்டது என்பதைப் பார்க்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு வாங்கவே கூடாத பொருள் இது.

விலை விஷயம் முதலில். நம் நாட்டில் பழைய வெளிநாட்டுத் துப்பாக்கி விலை ஏறிக்கிடப்பதற்குத் தரம் மட்டும் காரணம் இல்லை. 1980களின் நடுவில் தனியார் இறக்குமதி நின்றுபோனது. விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் தனி வழி இருக்கிறது. மற்றவர்களுக்கு, அதற்கு முன் உள்ளே வந்த சரக்குதான் கைமாறிக் கைமாறிச் சுற்றுகிறது. இங்கிலாந்தில் பெயர் தெரியாத கம்பெனிகளின் பாக்ஸ்லாக் எனும் எளிய வகைத் துப்பாக்கிகள் சில நூறு பவுண்டுக்கே ஏலத்தில் போகின்றன. அதே சாமானுக்கு இங்கே லட்சங்களில் விலை சொல்கிறார்கள். அந்தக் காசில் பெரும்பங்கு இறக்குமதித் தடைக்குப் போகிறது, துப்பாக்கிக்குப் போவது கொஞ்சம்தான். இது தெரிந்து பேரம் பேசுங்கள்.

குழலைக் கழற்றி அடிப்பக்கத்துத் தட்டையான இடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சீரியல் எண் தெரியாமல் மறைத்து அனுப்பட்டும். மேலே இருக்கிற பூ வேலைப்பாடு எனக்கு வேண்டாம்.

2025 அக்டோபர் 6

காகித வேலையை நேற்று எழுதாமல் விட்டேன்.

கடையில் வாங்கினால் பில், லைசென்ஸில் பதிவு எல்லாம் அங்கேயே ஓடும். தனி ஆளிடம் வாங்கும்போது ஆயுதச் சட்டம் 1959, 5வது பிரிவு குறுக்கே வரும். விற்பவர் தன் எண்ணத்தையும், என்ன துப்பாக்கி, யாருக்கு என்ற விவரத்தையும் மாவட்ட நடுவரான கலெக்டருக்கோ அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பாளருக்கோ எழுத்தில் கொடுக்க வேண்டும். கொடுத்த நாளிலிருந்து 45 நாள் கழிந்த பிறகுதான் கைமாற்றலாம். "இன்றைக்குக் கொண்டு போங்க, பேப்பரை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தில் நிற்காதீர்கள். அட்வான்ஸ் கொடுப்பதாக இருந்தாலும் அந்தக் கடிதத்துக்கு ஒப்புகை வாங்கின பிறகு கொடுங்கள்.

குழல், உடல், முன்கட்டை (குழலின் அடியில் கை பிடிக்கும் மரம்) மூன்றிலும் ஒரே எண் இருக்கிறதா, அது விற்பவரின் லைசென்ஸ் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள். புத்தகத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் கலெக்டர் அலுவலகத்தில் அலையப் போவது நீங்கள்தான்.

2025 அக்டோபர் 9

படம் வந்தது. நல்ல தெளிவு.

குழலைச் சோதித்ததற்கான பர்மிங்காம் முத்திரை இருக்கிறது, ஆக இங்கிலீஷ் சரக்காகத்தான் தெரிகிறது. இதைப் பார்க்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இங்கே "இங்கிலீஷ்" என்று சொல்லி விற்பதில் பெல்ஜியம் துப்பாக்கி எவ்வளவோ. முட்டை வடிவக் கட்டத்துக்குள் இ.எல்.ஜி. என்ற எழுத்து இருந்தால் அது லியேஜ் நகரத்து முத்திரை. இங்கிலாந்து சோதனைச் சாலையிலேயே "நாட் இங்கிலீஷ் மேக்" என்று குத்தி அனுப்பிய துப்பாக்கிகளும் உண்டு. பெல்ஜியம் என்றால் மட்டம் என்று அர்த்தம் இல்லை. இங்கிலீஷ் விலை கொடுக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

அடுத்த முத்திரையில்தான் சிக்கல். 2½ அங்குலம் என்று போட்டிருக்கிறது. தோட்டா உட்காரும் அறையின் நீளம் அது, 65 மில்லிமீட்டர். இன்று சாதாரணமாகக் கிடைக்கும் தோட்டா 70 மில்லிமீட்டர், அதாவது 2¾ அங்குலம்.

"போட்டுப் பார்த்தேன், சரியாக உட்கார்ந்ததே" என்பார் விற்பவர். உட்காரத்தான் செய்யும், ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. தோட்டாவின் நீளத்தை வெடித்து வாய் விரிந்த பிறகு அளப்பது வழக்கம். வெடிக்காத 70 தோட்டா மடிந்த வாயோடு அதைவிடக் குட்டையாக இருப்பதால் 65 அறைக்குள் சுகமாக நுழைந்துவிடும். சுட்டதும் வாய் விரிய இடம் இல்லாமல், குழல் குறுகத் தொடங்கும் இடத்தில் போய் விரியும். குண்டுகள் வெளியேறும் வழி நெருக்கப்படும், உள்ளே அழுத்தம் ஏறும். முதல் வெடியிலேயே குழல் பிளந்துவிடும் என்று பயமுறுத்தவில்லை. பல பேர் இப்படியே ஆண்டுக்கணக்கில் சுட்டிருக்கிறார்கள். ஆனால் தட்டு சுடுவதென்றால் ஒரு நாளில் எத்தனை வெடி! வரப்பில் எப்போதோ ஒன்று சுட்ட தாத்தாவின் கணக்கு உங்களுக்கு ஒத்துவராது. இடது கை பிடித்திருக்கும் இடத்துக்குச் சில அங்குலம் பின்னால் நடக்கிற சமாச்சாரம் இது.

எனக்கு இந்தத் துப்பாக்கி வேண்டாம் என்று தோன்றுகிறது.

2025 அக்டோபர் 9, பின்னிரவு

ஒருவர் கேட்டது: 65 தோட்டா தேடி வாங்கிச் சுடலாமே?

கிடைத்தால் தாராளமாகச் சுடலாம், அந்தத் துப்பாக்கிக்குச் சரியான சாப்பாடு அதுதான். உங்கள் ஊர்க் கடையில் ஆண்டு முழுவதும் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு அப்புறம் துப்பாக்கிக்குக் காசு கொடுங்கள். நான் போகிற கடையில் காட்கி தொழிற்சாலையின் சக்திமான் தோட்டாப் பெட்டியைத்தான் எடுத்து வைப்பார்கள். பெட்டியிலும் தோட்டாவிலும் எழுதியிருக்கும் நீளத்தைப் படிக்காமல் எதையும் போடாதீர்கள்.

இன்னொருவர், அறையைக் கடைந்து 70 ஆக்கிவிடலாம் என்கிறார். பட்டறையில் செய்கிற வேலை இல்லை இது. துப்பாக்கியைப் பழுது பார்க்கவே லைசென்ஸ் உள்ள ஆள் வேண்டும். கடைந்த பிறகு மறுபடி அதிக அழுத்தத் தோட்டா போட்டுச் சோதித்து முத்திரை வாங்க வேண்டும். முத்திரையில் 2½, உள்ளே 70 என்று அளந்து தெரிந்தால் யாரோ ஏற்கெனவே கைவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதையும் விட்டுவிடுங்கள்.

2025 அக்டோபர் 12

நேரில் எப்படிப் பார்ப்பது என்று பலரும் கேட்டதால் இது நீளும்.

முதலில் இரண்டு குழலும் காலி என்று திறந்து கண்ணால் பாருங்கள். விற்பவர் பார்த்துவிட்டதாகச் சொன்னாலும் நீங்கள் பாருங்கள்.

முன்கட்டையைக் கழற்றிவிட்டு, மூடிய துப்பாக்கியின் குழலை ஒரு கையிலும் தோளில் வைக்கும் பின்கட்டையை ஒரு கையிலும் பிடித்து மெதுவாகப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். முன்கட்டை மாட்டியிருக்கும்போது அதன் ஸ்பிரிங் ஆட்டத்தை மறைத்துவிடும், கழற்றினால்தான் கை உணரும். அப்படியே ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கி, குழலின் பின்முனைக்கும் உடலுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் மூட்டு தேய்ந்திருக்கிறது.

அடுத்தது குழல். தனியாகக் கழற்றி டியூப் லைட்டை நோக்கிப் பிடியுங்கள். நேரே உள்ளே பார்க்காமல், விளக்கின் கோடு உள்சுவரில் ஓடும்படி கொஞ்சம் சாய்த்துப் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். நல்ல குழலில் அந்த வெளிச்சக் கோடு முனையிலிருந்து முனை வரை நூல் பிடித்தது மாதிரி வரும். ஒடுக்கு இருந்தால் அங்கே கோடு வளையும். எப்போதோ உள்ளே அடைப்பு இருந்து குழல் உப்பியிருந்தால் வளையம் வளையமாக ஒரு நிழல் தெரியும். துருக் குழி இருந்தால் அம்மைத் தழும்பு போலப் புள்ளி புள்ளியாக மங்கும். எண்ணெய் பூசிக் கொடுத்தால் குழி பளபளப்பில் மறைந்துவிடும். ஆகவே சுத்தத் துணி விட்டுத் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும், கடைக்காரர் முகம் சுளித்தாலும் சரி.

அப்புறம் அடிக் கொக்கியில் விரலை மாட்டிக் குழலைத் தொங்கவிட்டு விரல் முட்டியால் ஒரு தட்டு. மணி மாதிரி நீண்டு ஒலித்தால் இரண்டு குழலுக்கும் நடுவிலுள்ள பட்டை உறுதியாக ஒட்டியிருக்கிறது. கரகரவென்று அமுங்கினால் ஈயப் பற்று எங்கோ விட்டுவிட்டது, உள்ளே ஈரம் புகுந்து கண்ணுக்குத் தெரியாமல் துரு பிடிக்கும். எனக்கு இந்த ஒலி ரொம்பப் பிடிக்கும். என் அப்பா துப்பாக்கியைத் துடைக்கும்போதெல்லாம் எங்களைக் கூப்பிட்டுத் தட்டிக் காட்டுவார்.

கையில் அளவுகோல் உள்ள ஆள் கிடைத்தால் உள்விட்டமும் சுவர்த் தடிமனும் அளக்கச் சொல்லுங்கள். 12 போர் உள்விட்டத்தின் பெயரளவு 0.729 அங்குலம். முத்திரையில் இருப்பதைவிட 0.010 அங்குலத்துக்கு மேல் அகன்றிருந்தால், குழிகளைத் தேய்த்துத் தேய்த்துச் சுவரை மெலிய வைத்திருக்கிறார்கள். பளபளவென்று இருக்கிற பழைய குழலில்தான் இதை முக்கியமாகப் பார்க்க வேண்டும்.

குழலின் வெளியே முறுக்கு முறுக்காகக் கோலம் ஓடினால் அது டமாஸ்கஸ். இரும்பும் எஃகும் முறுக்கி அடித்த அந்தக் காலத்து வேலை, பார்க்கக் கண்கொள்ளாது. இன்றைய தோட்டாவை அதில் போட வேண்டாம்.

குழல் நீளத்தையும் டேப் வைத்து அளந்து லைசென்ஸோடு ஒப்பிடுங்கள். முனையை அறுத்திருந்தால் சோக் (குழல் முனையில் இருக்கும் குறுக்கம்) போய்விடும், குழலை அறுப்பதைத் தடுக்கும் ஆயுதச் சட்டத்தின் 6வது பிரிவும் கழுத்தைப் பிடிக்கும்.

2025 அக்டோபர் 24

தீபாவளிக்குப் பிறகு இன்றைக்குத்தான் உட்கார்ந்தேன். நான் பழையதையே தட்டிக்கழிப்பதாக ஒருவர் எழுதியிருந்தார். அப்படி இல்லை. புதுசின் குறையையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆர்டனன்ஸ் ஃபாக்டரி (அரசு ஆயுதத் தொழிற்சாலை) சரக்கு, ஜம்மு பக்கத்துத் தனியார் சரக்கு, பீகாரின் முங்கேர் சரக்கு என்று நம்மூர்த் துப்பாக்கிகள் இருக்கின்றன. வங்கி வாசலில் காவலர் தோளில் பார்க்கிற டபுள் பேரல் பெரும்பாலும் இந்த வகைதான். குழல் முரட்டுத்தனமாக, தடிமனாக இருக்கும். உறுதிக்கு நல்லது, தட்டு சுடக் கைக்குக் கனம். கிளப்பில் நான் சுட்டுப்பார்த்த ஒரு புதுத் துப்பாக்கியின் விசை அவ்வளவு இறுக்கம், இழுக்கும்போதே முனை கீழே போனது. மரத்துக்கும் இரும்புக்கும் நடுவில் நகம் நுழையும் இடைவெளி. வாங்கியவர் பாவம், ஆசையாகக் கொண்டுவந்திருந்தார்.

அதே கம்பெனியின் இன்னொன்று அருமையாக இருந்தது. ஆகவே புதுசு என்றாலும் கடையில் இரண்டு மூன்றை எடுத்து வைக்கச் சொல்லி ஒவ்வொன்றாகத் தோளில் ஏற்றிப் பாருங்கள். முடிந்தால் காகிதத்தில் சுட்டுப் பார்க்க வேண்டும். 40 கஜத்தில் 30 அங்குல வட்டம் போட்டு எத்தனை குண்டு உள்ளே விழுகிறது என்று எண்ணுவது பழைய முறை. ஃபுல் சோக் என்றால் 70 சதவீதம் உள்ளே இருக்க வேண்டும், ஹாஃப் என்றால் 60. இரண்டு குழலும் ஒரே இடத்தில் அடிக்கின்றனவா என்பதும் காகிதத்தில் தெரிந்துவிடும்.

திருச்சி ஃபாக்டரியின் 12 போர் பம்ப் ஆக்ஷன் (முன்கட்டையை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் வகை) பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1966இல் தொடங்கிய ராணுவ ரைபிள் ஃபாக்டரி அது, 2021இல் ஆர்டனன்ஸ் போர்டை ஏழு கம்பெனியாகப் பிரித்தபோது கான்பூர் கம்பெனியின் கீழே போனது. காவலுக்குப் பம்ப் சரிதான். தட்டு சுடுவதற்கு நான் டபுள் பேரல் பக்கம்தான் நிற்பேன். திறந்தால் காலி என்று பக்கத்தில் நிற்பவருக்கும் தூரத்திலிருந்தே தெரியும்.

2025 நவம்பர் 3

"பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸில் வாங்குகிறேன், பன்றி தொல்லை, எது சரிப்படும்" என்று இருவர் கேட்டிருக்கிறார்கள்.

அந்த லைசென்ஸ் வேட்டை அனுமதி இல்லை. வனவிலங்குச் சட்டம் 1972 அப்படியே உங்கள் வரப்பிலும் செல்லும். பன்றியால் படும் பாடு எனக்குத் தெரியும், மக்காச்சோளம் ஒரே இரவில் படுத்துவிடும். ஆனாலும் துப்பாக்கியோடு தோட்டத்துக்குப் போவதற்கு முன் வனத்துறையிடம் எழுத்தில் கேளுங்கள். புதுசா பழசா என்ற பேச்சு அதற்குப் பிறகுதான்.

2025 நவம்பர் 16

பேச்சு ஏர் ரைபிளுக்குப் போய்விட்டது, போகட்டும். மகளுக்கு 10 மீட்டர் ஏர் ரைபிள் வாங்க நினைக்கும் ஓர் அம்மா கேட்டிருக்கிறார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவிலும் பாரிஸிலும் ஒலிம்பிக் களத்தில் நின்றதைப் பார்த்து எத்தனை பெண்பிள்ளைகள் கிளப்புக்கு வருகிறார்கள்! பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது.

இங்கே என் பதில் வேறு. பழையது வாங்குங்கள் அம்மா. 4.5 மில்லிமீட்டர், 20 ஜூலுக்குள் என்றால் ஆயுத லைசென்ஸே தேவையில்லை, போட்டி ரைபிள் அதற்கு வெகு கீழே இருக்கும். குழல் லேசில் தேயாது. வால்தர், ஃபைன்வெர்க்பாவ் போன்ற ஜெர்மன் கம்பெனி ரைபிள்களைப் பெரிய பிள்ளைகள் மாற்றும்போது கிளப்புக்குள்ளேயே நல்ல விலையில் கிடைக்கும். பிள்ளை வளர வளரக் கட்டையைத் திருகி நீட்டிக்கொள்ளலாம்.

காற்றுச் சிலிண்டரை மட்டும் பாருங்கள். அதில் தேதி குத்தியிருக்கும். சர்வதேச விதிப்படி அதிகபட்சம் பத்து ஆண்டு, அதன் பிறகு போட்டியில் ஏற்க மாட்டார்கள். அதைப் பார்க்கும் பொறுப்பு வீரர் தலையில்தான். ஒன்பது ஆண்டு ஓடிய சிலிண்டரோடு வருகிற ரைபிளுக்குப் புதுச் சிலிண்டர் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். நிரப்பி ஒரு ராத்திரி வைத்து, காலையில் அழுத்தமானி முள் இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

2025 டிசம்பர் 7

வரும் ஆண்டு சட்டமன்றத் தேர்தல். நடத்தை விதி வந்ததும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். போட்டிக்குப் போகும் வீரர்களும் வங்கிக் காவலர்களும் விலக்குக் கேட்கலாம்.

பழசா புதுசா என்பதில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்பாவின் துப்பாக்கி ஒரு தேர்தலுக்குப் போய்த் திரும்பியபோது குழலின் வெளிப்பக்கம் நான்கு விரலும் கட்டைவிரலும் பதிந்த இடத்தில் மட்டும் செம்மண் நிறத்தில் துரு. யாரோ வேர்த்த கையோடு எடுத்து மூலையில் சாத்தியிருக்கிறார்கள். நூறு ஆண்டுக்கு முந்தைய மெல்லிய நீலப் பூச்சு அதைத் தாங்காது. அடுத்த முறை உறைக்குள் போட்டு, குழலுக்குள்ளும் வெளியிலும் கனமாக எண்ணெய் தடவி, நிலைமையை எழுதி ரசீதில் கையெழுத்து வாங்கினேன். சில கடைகளிலும் காசு கட்டிப் பாதுகாப்பில் வைக்கலாம், நான் இப்போது அதைத்தான் செய்கிறேன்.

அப்பா துப்பாக்கி என்றதும் நினைவு வருகிறது. வீட்டில் பெரியவர் பெயரில் ஒன்று இருந்தால் வெளியே வாங்குவதற்கு முன் அதைப் பாருங்கள். 2016 விதிகளின்படி லைசென்ஸ்காரர் இறந்த பிறகு மட்டுமல்ல, அவருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ 25 ஆண்டு வைத்திருந்தாலோ வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான், பரம்பரைச் சொத்தும் அந்தக் கணக்கில் சேரும். அவசரப்பட்டு இரண்டு வாங்கிவிட்டு அப்புறம் அப்பாவுடையதை விட்டுக்கொடுக்க வேண்டி வந்தால் மனசு கேட்குமா?

2025 டிசம்பர் 21

ரிவால்வர் பற்றிக் கேட்டவருக்கு: 2025 செப்டம்பர் 22 முதல் ரிவால்வர், பிஸ்டல் ஜி.எஸ்.டி. 40 சதவீதம். அதனால் பழைய .32 அங்குல ரிவால்வர் தேடும் கூட்டம் கூடும், விலையும் ஏறும். மேலே திறக்கும் வெப்லி வகையில் கொக்கியும் கீலும் தேய்ந்திருக்கிறதா, சிலிண்டர் ஒவ்வொரு அறைக்கும் ஆடாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். எனக்கு அனுபவம் நீளத் துப்பாக்கியில்தான். இதற்கு மேல் கைத்துப்பாக்கி தெரிந்தவரிடம் கேளுங்கள்.

2026 ஜனவரி 18

முதலில் கேட்ட தம்பி பொங்கலுக்கு வீட்டுக்கே வந்தார். பெல்ஜியம் துப்பாக்கி ஒன்று பார்த்திருக்கிறார், ஓய்வுபெற்ற எஸ்டேட் மேனேஜர் ஒருவருடையது. முத்திரையில் 12-70 தெளிவாக இருக்கிறது. குழல் தட்டினால் நன்றாக ஒலிக்கிறது, ஆட்டம் இல்லை. வலது குழலில் அறைக்கு முன்னால் கொஞ்சம் குழி. ஆழம் இல்லை, விலையில் குறைத்துக்கொண்டார். 45 நாள் கடிதம் கொடுத்தாகிவிட்டது. எனக்குத் திருப்தி. அதே காசுக்குப் புதுசு வாங்கியிருந்தாலும் திருப்திதான் பட்டிருப்பேன். அந்த 2½ துப்பாக்கியை விட்டதுதான் பெரிய விஷயம்.

அவருக்கு ஒரு சந்தேகம்: கட்டை குட்டையாக இருக்கிறது, கன்னத்தில் கட்டைவிரல் இடிக்கிறது. மரத்தில் கை வைக்காதீர்கள். முதலில் கழற்றி மாட்டும் பேட் போடுங்கள், கயிறு கட்டிய தோல் உறை மாதிரி வரும். அரை அங்குலமோ முக்கால் அங்குலமோ கூட்டிச் சில வாரம் சுட்டுப் பாருங்கள். அளவு கைக்குப் பழகிய பிறகு நிரந்தரமாகப் பொருத்தலாம். பிடிக்கும் இடத்தில் மரத்தில் முடி மாதிரி விரிசல் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்து ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதுங்கள். படத்தில் அந்த இடம் நிழலாக இருக்கிறது.